வாசகர் கேள்வி: கைக்குழந்தையின் முதல் ஊசிகள்

சென்ற இதழில் தடுப்பூசி பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதல் ஆறு மாதத்தைப் பற்றியவை. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

என் மகனுக்கு ஆறு வாரம் ஆகிறது. பிறந்தவுடன் இடது கை மேற்புறத்தில் ஊசி போட்டார்கள். அப்போது ஒன்றும் தெரியவில்லை. இப்போது அந்த இடம் சிவந்து, வீங்கி, நடுவில் சீழ் வைத்திருக்கிறது. மாமியார் வசம்பு கருக்கி மஞ்சளோடு குழைத்துப் பூசலாம் என்கிறார். டாக்டரிடம் ஓட வேண்டுமா?
– வாசகி, செந்தூல்

வேண்டாம், சகோதரி. அது காசநோய்க்கான பிசிஜி ஊசி. அது இப்படித்தான் ஆறும். மற்றப் பல ஊசிகளைப் போல இது தசைக்குள் போவதில்லை. தோலின் மேலடுக்குக்குள்ளேயே 0.05 மில்லி மருந்தை ஏற்றுவார்கள். போட்டவுடன் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளிபுள்ளியாக ஒரு சிறு கொப்புளம் எழும்பி, அரை மணி நேரத்தில் அமுங்கிவிடும். பிறகு இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் சிவப்பு முடிச்சு வரும். அது பழுக்கும், உடையும், காயும், பொருக்கு உதிரும். சில பிள்ளைகளுக்கு மறுபடியும் ஒருமுறை உடையும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் ஒரு சிறு வடு மட்டும் மிஞ்சும்.

நீங்கள் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். எப்போதும் போலக் குளிப்பாட்டி, அந்த இடத்தைத் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். தளர்வான பருத்திச் சட்டை போடுங்கள். நீர் கசிந்தால் உலர்ந்த காஸ் துணியை மேலே வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டர் ஒட்டாதீர்கள். டெட்டால், பவுடர், களிம்பு எதுவும் வேண்டாம். சீழைப் பிதுக்கவே கூடாது. வசம்பும் மஞ்சளும் இந்தப் புண்ணுக்கு ஆகாது. அம்மியில் இழைத்த பொருளில் இருக்கும் கிருமி திறந்த புண்ணில் இறங்கினால், தானாக ஆறவேண்டிய இடம் உண்மையிலேயே பழுத்துவிடும். மாமியாரிடம், "பழுத்து ஆறும் ஊசிதான் இது, அத்தை, அதுவே ஆறும்" என்று சொல்லிப் பாருங்கள். பழைய பிசிஜி தழும்பு அவர் கையிலும் இருக்கக்கூடும்.

புண் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகன்றாலோ, இடது அக்குளில் நெல்லிக்காய் போலக் கட்டி திரண்டு சிவந்தாலோ, நான்கு மாதம் கடந்தும் ஆறாமல் இருந்தாலோ கிளினிக்கில் காட்டுங்கள். மாறாக, வடுவே விழாத பிள்ளைகளும் உண்டு. வடு இல்லை என்பதற்காக மட்டும் மறுபடி ஊசி போடத் தேவையில்லை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தையின் மூளை உறையைத் தாக்கும் காசநோயைத் தடுப்பதில்தான் இந்த ஊசி வலிமையானது. நுரையீரல் காசநோயை அது முழுக்கத் தடுக்காது. ஆகவே வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், குழந்தையைத் தூக்குவதற்கு முன் அவர் சளிப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

அடுத்த வாரம் இரண்டாம் மாத ஊசி. முதல் பிள்ளை என்பதால் ஒன்றும் தெரியவில்லை. அங்கே என்ன செய்வார்கள்? அக்காவின் மகனுக்கு ஒரு மாதத்திலேயே ஊசி போட்டதாக அவருடைய பழைய ரெக்கார்டு புத்தகத்தில் இருக்கிறது. என் மகளுக்கு அது விட்டுப்போய்விட்டதா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

விட்டுப்போகவில்லை. அக்காவின் பிள்ளைக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான ஊசியைத் தனியாகப் பிறந்தவுடன், முதல் மாதம், ஆறாம் மாதம் என்று போட்டிருப்பார்கள். 2020ஆம் ஆண்டின் கடைசியில் மலேசிய அரசாங்கம் ஆறு நோய்களுக்கு ஒரே ஊசி என்ற முறைக்கு மாறியது. தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான், போலியோ, மூளை உறையைத் தாக்கும் ஹிப் கிருமி ஆகியவற்றோடு ஹெபடைடிஸ் பி-யும் அதற்குள் வந்துவிட்டது. அதனால்தான் முதல் மாதக் கட்டம் உங்கள் புத்தகத்தில் இல்லை.

இப்போதைய வரிசை இது. பிறந்தவுடன் பிசிஜியும் ஹெபடைடிஸ் பி-யும். 2, 3, 5ஆம் மாதங்களில் ஆறு நோய் ஊசி. இடையில் 4, 6ஆம் மாதங்களில் நிமோனியா தரும் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் ஊசி. 9, 12ஆம் மாதங்களில் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்து எம்எம்ஆர். 15ஆம் மாதம் நிமோகாக்கல், 18ஆம் மாதம் ஆறு நோய் ஊசி. கடைசி இரண்டையும்தான் பெற்றோர் அதிகம் மறக்கிறார்கள். ஒரு வயது கேக் வெட்டியதும் ஊசியெல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அன்றைக்குக் குழந்தையின் ரெக்கார்டு புத்தகம், மாற்றுத்துணி, இரண்டு நேப்பி எடுத்துக்கொள்ளுங்கள். தொடையைச் சட்டென்று திறக்க வசதியான உடை போடுங்கள். கழுத்திலிருந்து கால்வரை ஜிப் வைத்த உடுப்பு போட்டால் ஊசிக்கு முன்பே பிள்ளை அழத் தொடங்கிவிடும். முதலில் எடை, உயரம், தலைச் சுற்றளவு எடுப்பார்கள். அப்போதே தாதியிடம் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: முந்திய ஊசிக்குப் பிறகு ஏதாவது வித்தியாசமாக நடந்ததா, குழந்தைக்கு வலிப்பு வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே நோய் எதிர்ப்புக் குறைபாடு இருக்கிறதா.

ஊசி தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில், 0.5 மில்லி. கைக்குழந்தைக்குத் தசை திரண்டிருக்கும் இடம் அதுதான். பிட்டத்தில் கொழுப்பு அதிகம், பெரிய நரம்பும் அந்தப் பக்கம் ஓடுவதால் அங்கே போடுவதில்லை. குழந்தையைப் படுக்க வைப்பதைவிட மடியில் சாய்த்து அணைத்து, முழங்காலை உள்ளங்கையால் மெதுவாகப் பிடித்துக்கொள்வது நல்லது. உதைக்கும் காலில்தான் ஊசி முனை கிழித்து, வலியும் இரத்தக்கட்டும் கூடும். இரண்டு மூன்று நிமிடம் முன்பே தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கி, ஊசி ஏறும்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். அழுகை கண்கூடாகக் குறையும். தாதி மறுத்தால் வாதாட வேண்டாம், ஊசி முடிந்த நொடியில் மார்பில் அணைத்துவிடுங்கள். பஞ்சை அழுத்திப் பிடிப்பதோடு சரி, தேய்க்காதீர்கள்.

பிறகு 30 நிமிடம் கிளினிக்கிலேயே உட்காருங்கள். பார்க்கிங் காசு ஏறுகிறதே என்று கிளம்பிவிடாதீர்கள். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. ஆனால் வந்தால் பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்துக்குள்தான் வரும், அதற்கான மருந்தும் அங்கேதான் இருக்கிறது. புறப்படும் முன் புத்தகத்தைத் திறந்து தேதி, மருந்தின் பேட்ச் எண், அடுத்த தேதி மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னாளில் பினாங்குக்கோ ஜொகூருக்கோ குடிபோனால் அந்த ஒரு வரியை வைத்துத்தான் எந்தக் கிளினிக்கும் தொடரும். புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

இரண்டாம் மாத ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? வீட்டில் மூத்தவனுக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப் இருக்கிறது. தோழி ஒருத்தி சொட்டு மருந்து வாங்கி வைக்கச் சொன்னாள். எவ்வளவு கொடுக்க வேண்டும்? முன்கூட்டியே கொடுத்துவிடலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

இந்தக் கேள்விக்கு நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்கிறோம். வீட்டில் தவறு நடப்பது பெரும்பாலும் ஊசியில் இல்லை, இந்தப் பாட்டிலில்தான்.

மருந்தகத்தில் பாராசிட்டமால் ஒரே பெயரில் மூன்று அடர்த்தியில் கிடைக்கிறது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப், 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப், 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து. குழந்தைக்குத் தேவையான அளவை எடைதான் சொல்லும், வயது சொல்லாது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது.

உங்கள் குழந்தை 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 50 முதல் 75 மில்லிகிராம் வேண்டும். 120 சிரப்பில் இது 2 முதல் 3 மில்லி. 250 சிரப்பில் 1 முதல் 1.5 மில்லி. சொட்டு மருந்தில் 0.5 முதல் 0.75 மில்லி மட்டுமே. "மூன்று மில்லி கொடு" என்று யாரோ சிரப்பை மனத்தில் வைத்துச் சொன்னதைச் சொட்டு மருந்தில் அளந்தால் 300 மில்லிகிராம் உள்ளே போய்விடும், அதிகபட்ச அளவைப் போல நான்கு மடங்கு. அது கல்லீரலைப் பாதிக்கும். ஆகவே வீட்டில் ஒரே அடர்த்தியை மட்டும் வைத்திருங்கள். லேபிளில் உள்ள எண்ணைக் கிளினிக்கில் காட்டி, அன்று எடுத்த எடைக்கு எத்தனை மில்லி என்று புத்தகத்திலேயே எழுதி வாங்குங்கள். அளக்க ஊசியில்லாத சிரிஞ்சைப் பயன்படுத்துங்கள், சமையலறைக் கரண்டி வேண்டாம். சிரிஞ்சைக் கண் மட்டத்தில் பிடித்து, குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றி, கன்னத்தின் உட்பக்கமாகச் சிறிது சிறிதாக விடுங்கள். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும். கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். அம்மா ஒரு வேளை, தெரியாமல் பாட்டி ஒரு வேளை என்று இரட்டிப்பாவது அடிக்கடி நடப்பது.

முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். ஊசிக்கு முன்பே தொடங்கிப் பாராசிட்டமால் கொடுத்துவந்த குழந்தைகளுக்குச் சில நோய்களுக்கான எதிர்ப்புச் சக்தி குறைவாக உருவானதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காய்ச்சல் வந்து குழந்தை சிரமப்பட்டால் அப்போது கொடுங்கள். ஐபுப்ரோஃபென் என்ற இன்னொரு காய்ச்சல் மருந்து மூன்று மாதத்துக்குள் கூடவே கூடாது. டெங்கி சுற்றும் நம் வட்டாரத்தில் அதற்குப் பிறகும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

காய்ச்சலை அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். காதில் வைக்கும் கருவி இந்த வயதில் சரியாகக் காட்டாது. துணிச்சுற்று, கையுறை, தொப்பி எல்லாவற்றையும் கழற்றி, மெல்லிய சட்டை ஒன்று மட்டும் போடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் குழந்தையைப் பொதிந்து வைத்தால் ஊசியில்லாமலே சூடு ஏறும். ஐஸ் தண்ணீரில் துடைப்பது, சாராயம் தடவுவது இரண்டும் ஆபத்து. பால் மட்டும் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

ஊசிக் காய்ச்சல் பொதுவாக முதல் 24 மணி நேரத்தில் வந்து, இரண்டு நாளில் இறங்கிவிடும். ஆனால் மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால், ஊசிதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்யாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த வயதில் இரத்தக் கிருமித்தொற்றும் வெறும் காய்ச்சலாகத்தான் தொடங்கும். மூன்று மாதம் கடந்த பிள்ளைக்கும் காய்ச்சல் 48 மணி நேரத்தைத் தாண்டினால் வேறு காரணம் தேட வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் எதற்கும் அடங்காத அழுகை, உடல் துணியாகத் துவண்டு வெளிறிப்போவது, வலிப்பு, எழுப்பியும் பாலுக்கு எழாத தூக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. மூச்சு இரைந்தாலோ உதடு, முகம் வீங்கினாலோ அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

ஊசி நாளன்று மூக்கு ஒழுகியது. வீட்டில் எல்லோரும் தடுத்ததால் போகவில்லை. அப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது. இனி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

இல்லை ஐயா. போட்ட ஊசி போட்டதுதான், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு தவணைக்கு நடுவே நான்கு வாரம் குறையாமல் தாதி தேதி குறித்துத் தருவார். நாளைக்கே போன் செய்யுங்கள்.

காய்ச்சலில்லாத சளி, இலேசான இருமல், இலேசான வயிற்றுப்போக்கு, ஆன்டிபயாட்டிக் குடித்துக்கொண்டிருப்பது எதுவும் தள்ளிப்போடக் காரணமல்ல. நல்ல காய்ச்சல், மூச்சுத் திணறல், பால் குடிக்காத நிலை இருந்தால் மட்டும் தள்ளலாம். அப்போதும் வீட்டில் முடிவு செய்யாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோய், தாதியோ டாக்டரோ பார்த்துச் சொல்லட்டும். நர்சரிக்குப் போகும் பிள்ளைக்கு மூக்கு ஒழுகாத வாரம் என்று ஒன்று வராது. இரண்டாம், மூன்றாம் மாத ஊசிகளை வலியுறுத்துவதற்குக் காரணம் கக்குவான். பெரியவர்களுக்கு அது நீண்ட இருமல், அவ்வளவுதான். இரண்டு மாதக் குழந்தை இருமக்கூடச் செய்யாமல் மூச்சை நிறுத்திவிடக்கூடும்.

33 வாரத்தில் பிறந்த இரட்டையர். டாக்டர் குறித்துத் தந்த பிரசவத் தேதியிலிருந்து மாதக் கணக்கு வைத்து ஊசி போட வேண்டுமா?
– வாசகி, ஜெலுத்தோங்

பிறந்த தேதியிலிருந்துதான் கணக்கு. முன்கூட்டிப் பிறந்த பிள்ளைகளுக்கு நோய் வந்தால் தாங்கும் வலு குறைவு என்பதால் அவர்கள்தான் முதலில் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள். மருந்தின் அளவையும் குறைப்பதில்லை. பிசிஜியை மட்டும் எடை குறைந்த பிள்ளைக்கு மருத்துவமனை சற்றுத் தள்ளியிருக்கலாம். புத்தகத்தில் இருவருக்கும் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இரட்டையருக்கு இரண்டு புத்தகம். அட்டையில் பெயரைப் பெரிதாக எழுதுங்கள், கூட்ட நேரத்தில் மாறிவிடும்.

தொப்புள்கொடி இரத்தப் பரிசோதனையில் மகனுக்கு ஜி6பிடி குறைபாடு என்றார்கள். ஊசி போடலாமா? பாராசிட்டமால்?
– வாசகர், பத்துகேவ்ஸ்

ஜி6பிடி என்பது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. அது குறைவாக இருந்தாலும் எல்லா ஊசிகளும் போடலாம், தள்ள வேண்டாம். எடைக்கு ஏற்ற வழக்கமான அளவில் பாராசிட்டமாலும் கொடுக்கலாம். புத்தகத்தின் முகப்பில் அந்தக் குறிப்பு இருக்க வேண்டும், வேறு மருந்து வாங்கும்போதும் சொல்லுங்கள். உண்மையான ஆபத்து துணி அலமாரியில் இருக்கிறது. அந்துருண்டை போட்டு வைத்த பழைய சட்டையையோ போர்வையையோ இந்தக் குழந்தைக்குப் போட்டால், அந்த வாசனைப் பொருளே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். பாட்டி வீட்டு அலமாரியையும் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவமனை.

பத்துமலையில் முடி இறக்கி, அன்றே காதும் குத்த ஆசை. மகளுக்கு இப்போது மூன்று மாதம். ஊசி வாரத்தில் போகலாமா?
– வாசகி, கெப்போங்

முடி இறக்குவது தாராளமாகச் செய்யலாம், புது பிளேடு என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். காது குத்துவதை மட்டும் ஐந்தாம் மாத ஊசிக்குப் பின் வையுங்கள். ரணஜன்னிக்கு எதிரான முதல் மூன்று தவணை அப்போதுதான் முடிகிறது. காதில் குத்துவதும் ஒரு காயமே. ஊசி போட்டு இரண்டு மூன்று நாளுக்குள் இரண்டையும் வைத்துக்கொண்டால், காய்ச்சல் வரும்போது தொடையாலா காதாலா என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

ஒன்பதாம் மாத எம்எம்ஆர் பற்றி இரண்டு பயம். மகனுக்கு முட்டை ஒவ்வாமை. மேலும், இந்த ஊசியால் ஆட்டிசம் வருமென்று மச்சினர் ஒரு வீடியோ அனுப்பினார்.
– வாசகி, பிறை

முட்டை ஒவ்வாமை தடையில்லை. அந்த மருந்தைக் கோழிக்கரு அணுக்களில் வளர்த்தாலும், முட்டைப் புரதம் ஒவ்வாமை தரும் அளவுக்கு அதில் மிஞ்சுவதில்லை. முன்பு முட்டையால் மூச்சுத்திணறல் வரை போயிருந்தால் தாதியிடம் சொல்லுங்கள், கூடுதல் கவனத்தோடு போடுவார்கள்.

ஆட்டிசம் பற்றிய பேச்சு 1998இல் வெளியான ஒரே ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. அதில் இருந்தவர்கள் 12 பிள்ளைகள். அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகு லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பல நாடுகளில் பார்த்தும் தொடர்பு தெரியவில்லை. மச்சினரோடு சண்டை வேண்டாம், இதை மட்டும் காட்டுங்கள்.

நீங்கள் தயாராக இருக்க வேண்டியது வேறொன்றுக்கு. எம்எம்ஆர் காய்ச்சல் அன்றிரவு வராது. ஊசிக்குப் பின் 7 முதல் 12 நாளில், சிலருக்கு இலேசான செம்புள்ளிகளோடு வந்து இரண்டு மூன்று நாளில் போகும். அது மற்றவருக்குத் தொற்றாது. நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்தால், பத்தாம் நாள் புள்ளியைப் பார்த்துப் பதற மாட்டீர்கள்.

தனியார் கிளினிக்கில் ரோட்டா வைரஸ் மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கவில்லையே? மகனுக்கு மூன்றரை மாதம்.
– வாசகர், ஜோர்ஜ்டவுன்

அரசாங்க அட்டவணையில் அது இல்லை, பணம் கட்டித்தான் கொடுக்க வேண்டும். கடும் வயிற்றுப்போக்கில் தண்ணீர்ச்சத்து இழந்து வார்டில் படுப்பதைத் தடுக்கும் மருந்து. வசதி இருந்தால் கொடுக்கலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் இதற்கு வயது வரம்பு உண்டு. முதல் தவணை 15 வாரம் நிறைவதற்குள் தொடங்கிவிட வேண்டும். மூன்றரை மாதம் என்றால் நாள் எண்ணிப் பாருங்கள், உங்களிடம் சில நாட்களே இருக்கலாம், வரம்பு கடந்தும் போயிருக்கலாம். வாயில் ஊற்றும் மருந்து இது. சில நாட்களுக்கு வைரஸ் மலத்தில் வெளியேறும் என்பதால், நேப்பி மாற்றியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முதல் வாரத்தில் குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு, காலை வயிற்றோடு மடக்கி, இரத்தம் கலந்து வெளிக்குப் போனால் குடல் செருகியிருக்கக்கூடும். மிக அரிது, ஆனால் காத்திருக்கக் கூடாது.

போலியோ ஒழிந்து எத்தனையோ வருடம் ஆகிறது. இன்னும் ஏன் அந்த ஊசி?
– வாசகர், செராஸ்

மலேசியா 2000ஆம் ஆண்டில் போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது உண்மை. அதற்கு முந்திய கடைசி நோயாளி 1992இல். ஆனால் 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ உறுதியானது. ஊசி போடாத பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் 27 ஆண்டு கழித்தும் அது திரும்பும். தொண்டை அடைப்பானும் அப்படித்தான்: 2016இல் நம் நாட்டில் குழந்தைகள் அதனால் இறந்தார்கள்.

மூன்றாம் மாத ஊசி போட்ட தொடையில் பட்டாணி அளவு கெட்டியாக ஒரு உருண்டை. மூன்று வாரமாகிறது. அழுத்தினால் அழவில்லை. எண்ணெய் தேய்த்துக் கரைக்கலாமா?
– வாசகி, செந்தூல்

தேய்க்காதீர்கள். மருந்தின் வேலையைத் தூண்டுவதற்காக அதில் சிறிது அலுமினிய உப்பு இருக்கிறது. அதைச் சுற்றி உடல் திரட்டிய முடிச்சுதான் இது. சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் கரையும். குளிப்பாட்டும்போது எண்ணெய் தேய்க்கலாம், அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முடிச்சு பெரிதாகி, சிவந்து, தொட்டால் சுட்டு, குழந்தை காலை நீட்ட மறுத்தால் காட்டுங்கள். இல்லையென்றால் நான்காம் மாத ஊசிக்குப் போகும்போது தாதியிடம் சொல்லி, அடுத்ததை மறுதொடையில் போடச் சொல்லுங்கள்.